குன்வோர் அண்ணியின் காளான் இடம்

ஊசியிலை மரங்களுக்கிடையே காலை வெயில் சாய்ந்து விழ, ஈரப் பாசியில் மஞ்சள் காளான்கள் கம்மல்களைப் போல மின்னுகின்றன. நானும் என் கணவர் ஸ்டூரேவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றை அறுத்துக்கொண்டிருக்கிறோம். பின்னால் சுள்ளி முறிகிறது. கூடையோடு நிற்கிறார் ஸ்டூரேவின் அண்ணி குன்வோர். ஸ்வீடனில், எங்கள் வெர்ம்லாந்துக் காடுகளில் காளான் முளைக்கும் இடத்தைச் சாகும்போதுதான் சொல்வார்கள். சிலர் அப்போதும் சொல்வதில்லை.

“உங்கண்ணனுக்கே காட்டாத இடம்டா இது! யாரு சொன்னா?”

“உங்க கைக்கடிகாரம்தான், அண்ணி. நீங்க நடக்குற வழியெல்லாம் படம் போட்டு நெட்ல காட்டுது. ஞாயித்துக்கிழமை தவறாம இங்க நாப்பது நிமிஷம் நிக்கிறீங்க.”

குன்வோர் தன் மணிக்கட்டை வெறித்துப் பார்க்கிறார். பிறகு கூடை குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார்.

“உன் கடிகாரம் மட்டும் ஊமையா? தினமும் வாக்கிங்னு கிளம்பி பேக்கரியில பன்னண்டு நிமிஷம் நிக்கிறியே, அதை நானும்தான் பாத்துட்டு இருக்கேன்.”

இவருக்குச் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று ஆறு மாதமாக என் உருளைக்கிழங்குச் சமையலைத் திட்டிக்கொண்டிருந்த நான், காளான் கத்தியோடு நிமிர்கிறேன். ஸ்டூரே, ஒரு காளான்கூட இல்லாத பாசியை மும்முரமாகக் கிளறுகிறார்.