முதலாளியின் கிண்ணம்

“உங்க கிண்ணத்துலேர்ந்து எனக்கு ஒரு ஸ்பூன் குடுங்க முதலாளி.”

கேட்டே விட்டாள் பிக் ஹுவா. சுவரோரம் தட்டோடு நின்ற அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். ‘அந்த வீட்டுல எதை வேணா கேளு, அவர் கிண்ணத்தை மட்டும் கேட்காதே’ என்று அம்மா சொல்லிச் சொல்லி, அவளுக்குக் காது புளித்திருந்தது. சமையல்காரி மகள் தன் இடம் தெரிந்து நடக்க வேண்டுமாம்.

முதலாளி லாவ் சிரித்தார். மலேசியாவின் சிபு நகரக் கடைத்தெருவில் தன் கட்டட மாடிகளை உழவாரக் குருவிகளுக்கு விட்டுவிட்டு, அவை எச்சிலால் கட்டும் கூடுகளை விற்றே பணக்காரரானவர். தினமும் அந்தக் கூட்டையே வேகவைத்து ஒரு கிண்ணம் குடிப்பவர். எண்பது தாண்டியும் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

“ஆசையாக்கும்?”

“ருசிகூடப் பாக்காத பொருளுக்கு எப்படி சாட்சி சொல்றது?”

மேசைமேல், கூடு அடைத்து விற்கப்போகும் புதுப் பெட்டியின் மாதிரி. மூடியில் வெள்ளைக் கோட்டு போட்ட பிக் ஹுவாவின் படம். கீழே, ‘இருமல் நிற்கும், தோல் மின்னும், ஆயுள் கூடும். உணவியல் பட்டதாரியின் பரிந்துரை.’ அவள் சரியென்றால் பெட்டி அச்சுக்குப் போகும். இல்லையென்றால் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். குடும்பத்திலேயே முதல் பட்டம், முதல் கோட்டு, முதல் மேசை வேலை.

“இதுல இருக்கறது புரதமும் கொஞ்சம் சர்க்கரைச் சத்தும். முட்டையில இல்லாத புரதமா? சோதனைக் குழாயில என்னமோ நடந்துச்சாம். மனுஷன் உடம்புல நடக்குதுன்னு யாரும் உறுதியா காட்டல. குருவி துப்பினதை விக்கிறீங்க, வித்துக்குங்க. என் மூஞ்சியப் போட்டு விக்காதீங்க.”

பேசி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அம்மா தினமும் தவறாமல் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்கும் கசப்பு மூலிகைக் கஞ்சிக்கே அடங்காத இருமல்.

“பாத்தியா? இருமுறே. மூஞ்சியெல்லாம் பரு. உன்னைக் கைக்குழந்தையா பாத்தவன் நான், நீ இருமாத நாளே கிடையாது. ஒரு நாளாவது கூடு சாப்பிட்டிருந்தா இப்படி இருப்பியா? இப்ப என்னைப் பாரு. உங்கம்மா இங்க வேலைக்கு வந்ததிலேர்ந்து, தினம் காலையில நானே வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து நல்ல கூடா பொறுக்கித் தர்றேன், அவ வேக வச்சுத் தர்றா. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?”

“ஒரு ஆளை வச்சுப் பண்ணா அது ஆராய்ச்சி இல்ல, பெருமை. சாப்பிட்டவரு ஒருத்தர், சாப்பிடாதவரு ஒருத்தர், ரெண்டு பேரையும் நிக்க வச்சுப் பாக்கணும்.”

“அதான் நிக்கிறோமே. சாப்பிட்டவன் நான், சாப்பிடாதவ நீ.” தன் பேச்சை மெச்சித் தானே சிரித்தபடி கிண்ணத்தைத் தள்ளினார். “இந்தா, முழுங்கு.”

“பிக் ஹுவா, வேணாம்டி” என்றாள் அம்மா.

பிக் ஹுவா ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். கற்கண்டு தூக்கல். வழவழப்பு. கடித்தபோது பல்லில் லேசாக நறுக்கென்றது. மெல்வதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். குருவிகளை ஏமாற்றி வரவழைக்க மாடியில் வைத்த ஒலிபெருக்கி விடாமல் கீச்சிட்டது.

“எப்படி இருக்கு?”

சொல்ல ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அம்மாவுக்காக அதையும் சேர்த்து முழுங்கினாள்.

“நல்லா இருக்கு முதலாளி. உங்களுக்கு நல்லா ஒத்துக்குது. இதையே சாப்பிடுங்க.”

“அப்ப பெட்டியை அச்சுக்குக் குடுத்துடவா?”

“கூடாது.”

“திமிரா? வேலை போயிடும்.”

“போகட்டும்.” கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். “கிண்ணத்தைக் கேட்கறதுக்கு முன்னாடியே அதை முடிவு பண்ணிட்டேன்.”

வாசலில் அம்மா பின்னாலேயே ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். கையில் வழக்கமான கஞ்சித் தூக்கு.

“கூடு நறுக்குன்னா கடிபடும்? கடையில கொட்டிக் கிடக்குற வெள்ளைக் காளான்மா அது. எனக்கா தெரியாது?” பிக் ஹுவா பல்லைக் கடித்தபடி கேட்டாள். “கூட்டைப் பாத்துப் பாத்து எடுக்குற மனுஷன், வெந்ததும் என்னன்னே தெரியாம வெறும் இனிப்பைத்தான் குடிக்கிறாரு. அப்ப அவரு தினமும் பொறுக்கித் தந்த கூடெல்லாம் எங்க போச்சு? வித்துட்டியா?”

“விக்கிறதா? சீ.” அம்மா தூக்கை அவள் கையில் திணித்தாள். “இந்த இருமல் ஒரு நாள் நின்னுடாதான்னுதான்டி, நீ கைக்குழந்தையா இருந்ததிலேர்ந்து எல்லாத்தையும் உன் கஞ்சியிலதான் போடுறேன்.”

பதில் சொல்லப் பிக் ஹுவா வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது, இருமிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள்.