கடைசி எழுத்து ஒன்றுதான்

“இன்னுமொரு பொய்தானே உம்மா, சொல்லிவிடுங்க. ஒன்பது வருஷமாச் சொல்லிப் பழக்கம்தானே?”

அஸ்ரா கண்ணாடி முன்னால் நின்று முக்காட்டைச் சரி செய்துகொண்டே சொன்னாள். புதன்கிழமை அவளுக்குப் பட்டமளிப்பு.

நஸீறா மகளுக்குக் குழைத்த மருதோண்டியில் மிஞ்சியதைத் தன் விரல் நுனிகளில் அப்பிக்கொண்டிருந்தாள்.

லிபெர்த்தாத் தெருவில் அவள் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டி, அவள் ‘சிஞ்ஞோரா’ என்று அழைப்பவருக்கு, எண்பத்து நான்கு வயது. பிள்ளைகள் இல்லை. ஒரு மாதமாக ஒரே கேள்வி.

“எங்கள் வீட்டில் யாருமே பல்கலைக்கழகம் போனதில்லை, கிளறா. உன் மகளுக்குப் பட்டம் கொடுத்துத் தலையில் அந்த இலைமுடி வைக்கிற அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போவாயா?”

கிளறா என்ற பெயர் ஸ்ரெல்லா கொடுத்தது. ஸ்ரெல்லாவும் மன்னார்க்காரிதான், கத்தோலிக்க வேதக்காரி. இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

“முஸ்லிம் எண்டு தெரிஞ்சா மனிசி உன்னை வாசலோட அனுப்பிப்போடும். அறைக்கு அறை மாதா சொரூபம் வைச்சிருக்கிறா. நஸீறா, கிளறா... கடைசி எழுத்து ஒண்டுதானே! பெரிய பொய்யில்லை, போ” என்று அன்று சிரித்தாள்.

அன்று தொடங்கியது. சிஞ்ஞோரா பின்னேரங்களில் செபமாலை சொல்லும்போது நஸீறாவும் பக்கத்தில் இருந்து உதட்டை அசைப்பாள். நோன்பு மாதம் முழுக்க, வயிறு சரியில்லை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவாள். உம்மாவைக் கூட்டிப்போக வரும் அஸ்ரா தெருமுனையிலேயே நிற்க வேண்டும். முக்காட்டோடு மேலே வரக் கூடாது.

“வேலைப் பத்திரத்தில நஸீறா, வீட்டில கிளறா. மனிசி ஒப்பம் வைக்கேக்க பார்க்கிறேல்லையோ?” என்றாள் அஸ்ரா.

“அவவுக்கு எங்க கண் தெரியுது? கணக்கர் காட்டின இடத்தில வைப்பா.”

“காது கேட்கும்தானே? மைக்கில பாத்திமா அஸ்ரா எண்டு வாசிப்பாங்க.”

“அதுக்குத்தான் அவ வரக் கூடாது எண்டுறன். வேலை போனா பெர்மெசோ விசாவை எதைக் காட்டிப் புதுப்பிக்கிறது? நீ காட்டுவியா, உன்ர இலைமுடியை?”

“பாஸ்தா உம்மா, போதும். கைரேகை வைக்கக் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போறன் எண்டு சொல்லுங்க. இந்த நாட்டில அதை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம்.”

செவ்வாய்க்கிழமை நஸீறா அப்படியே சொன்னாள். “நாளைக்குக் காலை வர மாட்டேன், சிஞ்ஞோரா. குவெஸ்தூராவில் கைரேகை.”

சிஞ்ஞோரா கொஞ்ச நேரம் அவளுடைய கைகளைப் பார்த்தார்.

“சரி. மகளுடைய பட்டமளிப்புக்குத் திகதி வந்துவிட்டதா?”

“இன்னும் இல்லை.”

“வந்ததும் சொல்லு, கிளறா.”

புதன்கிழமை மண்டபத்தில் பெயர் வாசித்தார்கள். அஸ்ராவின் முக்காட்டில் இலைமுடி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே வந்தது. அவளுடைய வாப்பாதான் இரண்டு பின் குத்தி நிறுத்தினார். மற்றப் பிள்ளைகளுக்காகக் கை தட்ட வரிசை வரிசையாக ஆட்கள். அஸ்ராவுக்கு இரண்டே பேர். நஸீறா கை வலிக்கத் தட்டினாள்.

பின்னேரம் வேலைக்குப் போனபோது சிஞ்ஞோரா கதவடிக் கதிரையில் இருந்தார். சாம்பல் நிறப் பட்டுச் சட்டை, முத்துமாலை, காலில் நல்ல சப்பாத்து.

“எங்கேயும் போனீர்களா, சிஞ்ஞோரா?”

“இல்லை. கூட்டிப்போக வருவாயோ என்று காலையிலிருந்து உடுத்துக்கொண்டு இருந்தேன்.”

“நான்... குவெஸ்தூராவுக்கு...”

“விரலெல்லாம் சிவப்புப் பூசிக்கொண்டு யார் கைரேகை வைக்கப் போவார்கள்?”

கோபமாகச் சொல்லவில்லை. மடியில் இருந்த பொதியை எடுத்து நீட்டினார்.

“பட்டுத் துணி. கடைக்காரியிடம் பெரிய சதுரமாகக் கேட்டு வாங்கினேன். உன் மகளுக்குத் தலையைச் சுற்றிக் கட்டப் போதுமா, பார். யன்னலால் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், மழையிலும் அந்த முனையில் நிற்பாள்.”

பொதியின் மேல் நடுங்கிய எழுத்தில் இரண்டு பெயர்கள். அஸ்ரா. நஸீறா.

“எப்போதிருந்து தெரியும், சிஞ்ஞோரா?”

“முதல் பத்திரத்திலிருந்து. கண்ணாடி போடாமல் நான் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை. அதுவும் போக, வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் கெட்டுப்போகிற வயிறு உலகத்தில் எங்கே இருக்கிறது?”

“ஏன் ஒன்றும் கேட்கவில்லை?”

“உன்னுடைய பெயர். நீதான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.”

நஸீறா அவசரமாகக் கைப்பையில் போனைத் தேடினாள். “இப்போதே அஸ்ராவை வரச் சொல்கிறேன். இலைமுடியோடு வருவாள்.”

“வரட்டும். கட்டாயம் மேலே வரச் சொல்லு. ஆனால் மண்டபத்தில் அவள் பெயரை வாசிக்கக் கேட்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. அது முடிந்துவிட்டது.”

சிஞ்ஞோரா முத்துமாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் செபமாலையை எடுத்தார். அஸ்ராவிடம் பேசிப் போனை வைத்த நஸீறா, செப நேரமாகிவிட்டது என்று பக்கத்தில் போய் இருந்தாள். பழக்கத்தில் உதடு தானாக அசையத் தொடங்கியது.

சிஞ்ஞோரா செபத்தை நிறுத்தினார்.

“அது வேண்டாம், நஸீறா. ஒன்பது வருஷமும் அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. நீ சும்மா பக்கத்தில் இரு.”