பயத்தை அளந்த ஆமை

காட்டில் யாருக்கு எவ்வளவு பயம் என்று அளக்க ஆமை ஒரு கேள்வியை உண்டாக்கியிருந்தது: "சருகு சலசலத்தால் எவ்வளவு தூரம் ஓடுவாய்?" அதற்குப் பிறகு பயத்தைப் பற்றி யார் பேசினாலும் "ஆமை சொன்னபடி" என்றுதான் ஆரம்பித்தார்கள். யார் யார் சொன்னார்கள் என்று தினமும் காலையில் காக்கை வந்து ஒப்பிக்கும். அதைக் கேட்டால்தான் ஆமைக்குத் தொண்டையில் புல் இறங்கும். ஆனாலும், அந்தக் கேள்வியை ஒருத்தராவது யோசித்துப் பார்த்தார்களா என்ற குறை உள்ளுக்குள் இருந்தது.

அன்றைக்குக் காக்கை சுரத்தில்லாமல் வந்தது.

"மான் சொன்னது, நரி சொன்னது. முள்ளம்பன்றியும் உங்க பேரைச் சொன்னான். அதை மட்டும் சேர்க்க வேணாம்ணே."

"ஏன்?"

"கேள்வியே தப்பாம். பயந்தா அவன் ஓடமாட்டானாம், நின்ன இடத்திலேயே முள்ளைச் சிலிர்ப்பானாம். உங்க கேள்விப்படி பார்த்தா அவன்தான் பெரிய வீரனாம். 'ஆமையண்ணன் மட்டும் பயந்தா ஓடுறாரா, தலையை உள்ளே இழுத்துக்கிறாரா'ன்னு வேற கேக்குறான், திமிர் பிடிச்சவன்."

ஆமையின் தலை சட்டென்று உள்ளே போய்விட்டது. வெகுநேரம் கழித்து மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது.

"அவன் வளை எங்கே இருக்கு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். நீங்க போய்ச் சேர மழைக்காலமே வந்துடும். திட்டணும்னா சொல்லுங்க, நானே திட்டிட்டு வரேன்."

"திட்ட இல்லப்பா" என்றது ஆமை, நடக்க ஆரம்பித்தபடியே. "இன்னொரு கேள்வி பாதியிலே நிக்குது. அவன்கிட்டே காட்டணும்."