பார்த்தால் தேயும் படம்

ஏற்காடு பஸ் நிலையத்துக்கு எதிரே, ‘செல்போன் மருத்துவமனை’ என்று பலகை மாட்டிய ஒற்றை அறைக் கடையில், நெற்றியில் பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு சத்யராஜ் சின்னத்தாயியின் போனைப் பரிசோதிக்கிறான். வாழவந்தி பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள் அவள். போன வருஷம் இறந்துபோன புருஷன் ஐயாக்கண்ணு இருக்கிற வீடியோ அவளிடம் இந்தப் போனில் உள்ள இது ஒன்றுதான். அதில் அவர் முகம் வெளுத்துக் கிடக்கிறது. “பாக்கப் பாக்கத் தேயுதோன்னு அமாவாசைக்கு ஒருக்காத்தான் பாக்கறேன் சாமி,” என்கிறாள். சத்யராஜ் உதட்டைப் பிதுக்குகிறான். வெளிச்சத்தைக் கூட்டுகிறான், குறைக்கிறான், போனை அணைத்து மறுபடி உயிர் கொடுக்கிறான். வெண்மை அசையவில்லை. “டிஸ்ப்ளே அவுட்டுங்க அக்கா. சாப்ட்வேரும் நொம்ப வீக்கு. பெரிய கேஸு,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரையும் ஒரு கை பார்க்கலாமென்று சத்தத்தை முழுசாக ஏற்றுகிறான். வீடியோவிலிருந்து எஸ்டேட்டுச் சில்வர் ஓக் மரங்களின் இரைச்சல் கடையை நிறைக்கிறது. அதற்குள்ளிருந்து ஐயாக்கண்ணு சிரிக்கிறார்: “ஏம்புள்ள, இந்தப் பனியில படம் புடிச்சா என்னத்தத் தெரியும்? ஊட்டுக்கு வா.” சத்யராஜ் பூதக்கண்ணாடியை மெல்லக் கழற்றி மேசையில் வைக்கிறான். “போனுக்கு ஒண்ணுமில்லீங்க அக்கா. அன்னைக்குப் பனி.” “அப்பத் தேயலியா சாமி?” “எத்தன தடவ பாத்தாலும் தேயாதுங்க.” சின்னத்தாயி முந்தானையால் திரையைத் துடைக்கிறாள். அங்கேயே நின்றபடி மறுபடி அழுத்துகிறாள். பனிக்குள்ளிருந்து குரல் வீட்டுக்குக் கூப்பிடுகிறது. “இருங்க மாமா, வந்தர்றேன்,” என்கிறாள்.