ஏழாவது ஆள்

மனிதவளத் துறையின் தரவு ஆய்வாளன் அன்று மாலைக்குள் தன் குழுவில் ஒருவரைக் குறைத்தாக வேண்டும். இருக்கைகள் ஆறு, ஆட்களும் ஆறு. கணினி மட்டும் அடம்பிடித்து ஏழு என்றது. பட்டியலில் ஏழாவதாக இருந்த பெண்ணை யாரும் பார்த்ததே இல்லை.

“இல்லாதவங்களைத் தூக்கிடு மச்சான். யார் வயித்துலயும் அடிச்ச மாதிரி இருக்காது,” என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

தூக்கினான். ஆறு பேரும் நிம்மதியாகக் காபி குடித்தார்கள்.

மனைவி அழைத்தாள். “ஏங்க, உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு அக்கா வந்திருக்காங்க. வேலை போயிடுச்சாம், பாவம். பாப்பாவை மடியில வச்சுக்கிட்டு, வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டாங்க. மூணு பேருன்னேன்.”

அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். “அதுக்கு என்ன சொன்னாங்க?”

“கணக்குல ரெண்டுதானே இருக்குன்னு சிரிக்கிறாங்க.”