நீலப் புகை

வேனை ஸ்டார்ட் செய்ததும் பட்டறை முழுக்க நீலப் புகை.

மெக்கானிக் மூக்கைப் பொத்தவில்லை. மூக்குதான் அவருக்குப் பாதித் தொழில். உள்ளங்கையை சைலன்சர் வாயருகே பத்து எண்ணும்வரை பிடித்திருந்து, பிறகு முகர்ந்தார்.

குமட்டிக்கொண்டு வந்தது.

கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் காற்று போதவில்லை, ஃபில்டரை மாற்றினால் தீர்ந்தது. வெள்ளைப் புகையில் இனிப்பு வாசம் அடித்தால் ரேடியேட்டரில் இருப்பது உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் இன்ஜின் தன் ஆயிலையே குடிக்கிறது. இது மொடாக்குடி குடித்துக்கொண்டிருந்தது.

தங்கையின் கணவர் பக்கத்தில் நின்றார். பதினோரு வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். சொந்தமாக ஒன்று வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட வண்டிக்காகப் புதிதாக அடித்த மஞ்சள் பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. நாளைக் காலை முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

தங்கை முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். புகைக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ஆயில் அளக்கும் குச்சியை உருவினார். ஆயில் தேன்பாகு மாதிரி நூல்விட்டு இறங்கியது. இன்ஜின் தேய்ந்ததை மறைக்கக் கெட்டி ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். வாங்குகிறவர் வந்து பார்க்கும் ஒரு மணி நேரத்துக்குப் புகை அடங்கியிருக்கும். அது போதும் அவர்களுக்கு.

சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா. வாயில் வந்த வசவை, தங்கை இருக்கிறாளே என்று விழுங்கினார்.

அடுத்து, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற ரப்பர் குழாய். விரலை விட்டுப் பார்த்தார். துணி தட்டுப்பட்டது. அந்தப் புகையும் கண்ணில் படக் கூடாதென்று அடைத்து வைத்திருக்கிறான், பாவி.

இழுத்தார். செத்த எலி போல வழுவழுத்துக்கொண்டு கையோடு வந்தது. டீசல் தட்டில் முக்கிப் பிழிந்தார்.

சிவப்புக் கரை, அதில் பொடிப்பொடியாகப் பச்சைக் கட்டம்.

அவர் தோளில் கிடந்த துண்டிலும் அதே கரைதான். வீட்டுப் பழைய துண்டை மனைவி இரண்டாகக் கிழித்துத்தான் பட்டறைக்குக் கொடுத்தனுப்புவாள்.

போன மாதம் தரகர் ஒரு வெள்ளை வேனைக் கொண்டுவந்து விட்டது நினைவுக்கு வந்தது. வேலையை முடித்துவிட்டு, யார் தலையிலாவது கட்டிவிடு என்று தான் சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நேரம் யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று அவருக்குப் புரிந்தது.

துணியைக் கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமே, மாப்ள."

தங்கையின் கணவர் தலையைச் சொறிந்தார்.

"காட்டணும்னுதான் இருந்தேன் மச்சான். உங்க பட்டறையில வேலை பார்த்த வண்டின்னு தரகர் சொன்னாரு. அப்புறம் என்னத்தப் பாக்குறதுன்னு அங்கயே முடிச்சுட்டேன்."