நடுவில் ஒரு வளையம்

"இருங்க, இப்பவே கழட்டாதீங்க" என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் முன்சக்கரம் மெக்கானிக்கின் கைக்கு வந்துவிட்டது.

சக்கரம் இருந்த இடத்தில், இரண்டு விரல் தடிமனில் ஓர் அலுமினிய வளையம் பளபளத்தது.

"இதுதான் விஷயம். ஸ்பேசர்" என்றார் மெக்கானிக். "சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தறதுக்குப் போடறது. டயர் ஏன் துருத்திக்கிட்டு நிக்குது, கதவெல்லாம் ஏன் சேறா அடிக்குதுன்னு கேட்டீங்களே?"

அக்கா குனிந்து பார்த்தாள். பழைய கார்தான், ஆனாலும் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாளையிலிருந்து வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை. கார் இருந்தால்தான் அந்த வேலை.

"இதை எதுக்குப் போடுவாங்க?"

"எல்லாம் பந்தாவுக்குத்தான். வண்டி மிரட்டலா இருக்கணும்னு ரேஸ் விடற பசங்க மாட்டுவாங்க. அடிச்சு ஓட்டின வண்டிம்மா. நானா இருந்தா தொடமாட்டேன்."

"வித்தது ஒரு வயசான அம்மாங்க."

"அந்தம்மா மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துட்டே" என்றான் தம்பி. "நல்லா உன் தலையில கட்டிடுச்சு."

உடனே போன் போட்டான்.

"ரேஸ் வண்டியைக் குடும்ப வண்டின்னு வித்திருக்கீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு? வந்து திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க!"

மறுமுனையில் அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எந்த ஒர்க்‌ஷாப்புப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"அவங்க வரதுக்குள்ள இதில்லாம மாட்டிப் பார்த்துடுவோம்" என்று மெக்கானிக் வளையத்தை எடுத்துக் கீழே வைத்தார். சக்கரத்தைத் தூக்கிப் பொருத்தினார். உட்காரவில்லை. திருப்பிப் பார்த்தார். எதிலோ இடித்தது.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அதுவரை சீட்டி அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"என்னண்ணே?"

மெக்கானிக் அந்தப் பக்கத்து முன்சக்கரத்தையும் கழற்றினார். அங்கேயும் டார்ச்.

"நான் தப்பா சொல்லிட்டேன் தம்பி" என்றார் எழுந்துகொண்டே. "இந்த பிரேக் இந்த வண்டியோடதே இல்லை. இதைப்போல ரெண்டு பங்கு கனமான வண்டியோடது. இவ்வளவு பெரிசை உள்ளே வச்சா சக்கரம் இடிக்கும். இடிக்காம இருக்கத்தான் இந்த வளையம். வேலை செஞ்சவன் சும்மா ஆள் இல்லை, இழைச்சு வச்சிருக்கான்."

"அப்ப ரேஸ்?"

"ரேஸ்காரன் எஞ்சினை நோண்டுவான். எஞ்சின் கம்பெனியில வந்தபடியே இருக்கு. இதைப் போட்டவங்களுக்கு ஓடறதைப் பத்திக் கவலையே இல்லை. நிக்கணும். அவ்வளவுதான்."

எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பின்னாலிருந்த காலி மைதானத்தில் வேகமெடுத்தார். பாதியில் மிதித்தார்.

கார் இழுக்கவில்லை, கிறீச்சிடவில்லை. ஏதோ ஒரு பெரிய கை முன்னால் வந்து ஏந்திக்கொண்ட மாதிரி நின்றது. அது கிளப்பிய புழுதிதான் நிற்கத் தெரியாமல் பின்னாலிருந்து வந்து காரைத் தாண்டிப் போயிற்று.

அக்கா அந்தப் புழுதியையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள். 

திரும்பி வந்தபோது காரை விற்ற அம்மா வாசலில் நின்றிருந்தார். இதையெல்லாம் ஏன் மறைத்தீர்கள் என்று தம்பி ஏற்கெனவே சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் எதையும் மறைக்கலைப்பா. ஸ்பேசர்னா என்னன்னே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமா நான்தான் ஓட்டினேன். ஒரு நாய்க்குட்டி மேலகூடப் பட்டதில்லை. எங்க வீட்டுக்காரர் ஒரு சீட் கவர் மாத்தித் தரமாட்டார், அப்படிக் கஞ்சப் பிசினாறி. அவரா இதுக்கெல்லாம் செலவு பண்ணுவார்? போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார், சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு. நான் ஓட்டினா பக்கத்துல உட்கார்ந்து நிம்மதியா தூங்கிடுவார். என் கை மேல அவ்வளவு நம்பிக்கை."

கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மெக்கானிக் சக்கரத்தையும் வளையத்தையும் மறுபடி கழற்றினார். டார்ச் அடித்துக் காட்டினார். நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார்.

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஓட்டக் கத்துக்கிட்ட புதுசுல..." சக்கரத்திடம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னார். "எஞ்சின் ரிப்பேர்னு ஒரு மாசம் வண்டியை எங்கேயோ விட்டுட்டு பஸ்ல போனார். ஒரு ரிப்பேர் பார்க்கத் துப்பில்லையான்னு தினம் திட்டினேன். சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவார்."



அம்மா எழுந்துகொண்டார். "சாவியைக் கொடும்மா. திருப்பி எடுத்துக்கறேன். நீங்கதானே கூப்பிட்டீங்க?"

"இல்லைம்மா, அது வந்து... ஏதோ கோவத்துல..." என்று தம்பி இழுத்தான்.

"என்னா குதி குதிச்சே, இப்ப முழுங்கு" என்றார் மெக்கானிக்.

அக்கா கையிலிருந்த சாவியை ஒரு கணம் இறுகப் பிடித்தாள். பிறகு நீட்டினாள். "எடுத்துக்குங்கம்மா. இது உங்களுக்குன்னு செஞ்சது."

"யார் ஓட்டறதுக்கு வாங்கினீங்க?"

"நான்தான். லைசென்ஸ் வந்து ஒரு மாசம்கூட ஆகலை. நாளைக்கு வேலையில சேரணும்... பரவாயில்லைம்மா. நான் சொல்லிக்கறேன்."

அந்த அம்மா சாவியைப் பார்த்தார். நீட்டிய கையைச் சாவியோடு சேர்த்து மூடினார்.

பிறகு குனிந்து, கீழே கிடந்த வளையத்தை எடுத்தார். அதிலிருந்த கிரீஸை முந்தானையால் துடைத்து, மெக்கானிக்கிடம் கொடுத்தார்.